வழிக்கு என்ன விலை?

(வீட்டு உரிமையாளர்களுக்காக நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்னை படப்பையையும் மறைமலைநகரையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. கோவை நாலாபுறமும் விரிகிறது. நேற்றுவரை கத்திரிக்காய் விளைந்த நிலத்தில் இன்று அளவுக்கல் நிற்கிறது. அந்த நிலத்துக்குப் பின்னால் முப்பது வருஷமாக ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டுக்காரர் நிலத்தின் நடுவே போகும் பத்தடி வண்டிப்பாதையில்தான் போய் வந்துகொண்டிருப்பார். நிலத்துக்காரர் கைமாற்றிவிட்டுப் போய்விடுவார். அடுத்த மாதம் பில்டரின் ஆள் வீட்டு வாசலுக்கு வருவார். "சார், உங்களுக்கு ஓரமா வேற வழி விட்டுடறோம். ஒரு தொகையும் தர்றோம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்.

அந்தத் தொகை நியாயமானதா, எதை வைத்து அதைக் கணக்கிடுவது, கையெழுத்தே போடலாமா என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதை உரிமைக்கு இரண்டு அளவுகள் உண்டு. அதை விட்டால் உங்களுக்கு என்ன போகும் என்பது ஒன்று. அது விலகினால் எதிர்த்தரப்புக்கு என்ன கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டையும் போட்டுப் பார்க்காமல் சொல்லப்படும் எந்தத் தொகையும் விலையாகாது, வெறும் பேரம்தான். அந்த இரண்டு அளவுகளும் உங்கள் உரிமை எவ்வளவு உறுதியானது என்பதன் மேல்தான் நிற்கின்றன. எனவே உரிமையில் இருந்து தொடங்குகிறேன்.

உரிமையின் வேர்

அடுத்தவர் நிலத்தின் மேல் நமக்கு இருக்கும் வழிநடைப் பாத்தியம் சட்டத்தில் வசதியுரிமை என்ற வகையில் சேரும். இதற்கான சட்டம் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். அந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. மத்திய மாகாணங்களும் குடகும் நம்மோடு சேர்ந்திருந்தன. பம்பாய்க்கு அது 1891-ல்தான் போனது. ஆக, இந்த விஷயத்தில் நம் நீதிமன்றங்களுக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு.

பாதை உரிமை பெரும்பாலும் மூன்று வழிகளில் வரும். எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்து அதன் விலையும் மாறும்.

முதலாவது, பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது. கிரையப் பத்திரத்திலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ தபசில் சொத்து விவரத்தின் கடைசி வரிகளைப் பாருங்கள். நான்கெல்லை சொல்லி, நீள அகலம் சொல்லி முடித்த பிறகு, "இதற்குக் கிழக்குப்புறம் உள்ள 10 அடி அகலப் பொதுப்பாதையில் நடந்தும், வண்டி வாகனங்களிலும் போக வர உள்ள மாமூல் வழிநடைப் பாத்தியம் சகிதம்" என்பது போல ஒரு வரி இருக்கும். படிக்கும்போது பலரும் தாண்டிப் போய்விடும் வரி அது. உங்கள் வீட்டின் பாதி விலை அந்த வரியில் இருக்கிறது. அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். பாதை எந்தத் திசையில் எங்கிருந்து எதுவரை போகிறது? அகலம் எத்தனை அடி? நடப்பதற்கு மட்டுமா, வண்டிக்குமா? தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி கொண்டுபோகவும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறதா? இந்த நான்கும் இருந்தால் உங்கள் கையில் இருப்பது உறுதியான உரிமை.

இரண்டாவது, வேறு வழியே இல்லாததால் வருவது. அண்ணன் தம்பி சொத்தைப் பிரிக்கிறார்கள். தம்பிக்கு வந்த பின்பக்கத்துக்கு அண்ணன் பங்கு வழியாகத்தான் போக முடியும். பத்திரத்தில் எழுதாமல் விட்டிருந்தாலும் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தம்பிக்கு வழி கொடுக்கும். ஆனால் இதில் ஒரு பலவீனம் உண்டு. தேவை தீர்ந்தால் உரிமையும் தீரும் என்கிறது 41-ஆம் பிரிவு. பின்னாளில் தம்பி வீட்டுக்கு வேறொரு பக்கம் சாலை வந்துவிட்டால் இந்த வழி போய்விடும். பில்டர் ஏன் "உங்களுக்கு அந்தப் பக்கம் இப்ப ரோடு வந்துருச்சே" என்று பேச்சைத் தொடங்குகிறார் என்று இப்போது புரியும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் தமிழ்நாட்டில் இருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-ல் தெளிவாக்கியது. பத்திரத்தின் மூலம் கொடுக்கப்பட்ட வழி, வேறு வழி கிடைத்துவிட்டது என்ற காரணத்தால் அழியாது. 41-ஆம் பிரிவு தேவையால் பிறந்த உரிமைக்கு மட்டுமே பொருந்தும். கொடுத்த உரிமை கொடுத்தபடியே நிற்கும். விலை பேசும் மேசையில் இந்தத் தீர்ப்பு பெரிய பலம்.

மூன்றாவது, நீண்டகால அனுபோகத்தால் வருவது. 20 ஆண்டுகள் இடையூறில்லாமல், வெளிப்படையாக, யாருடைய அனுமதியையும் கேட்காமல், உரிமை என்ற எண்ணத்தோடு போய் வந்திருக்க வேண்டும். அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. நிரூபிப்பதுதான் கடினம். "அவர் நல்ல மனுஷன், போய்க்கங்கன்னு சொன்னார்" என்று நீங்களே சாட்சிக்கூண்டில் சொல்லிவிட்டால் அது அனுமதி ஆகிவிடும், உரிமை ஆகாது. எந்த ஆண்டில் இருந்து, எந்தத் தடத்தில், எவ்வளவு அகலத்தில் என்பதை வழக்கில் திட்டவட்டமாகச் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் கறாராக இருக்கின்றன. எனவே ஒரே பாதைக்குப் பத்திரத்தில் வந்த உரிமை பெறும் விலையை அனுபோகத்தால் வந்த உரிமை பெறாது. வழக்கில் தோற்கும் ஆபத்தை எதிர்த்தரப்பு விலையில் கழித்துக்கொள்ளும்.

இன்னும் இரண்டு எல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வகை வழியுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்கிறது 28-ஆம் பிரிவு. நடைபாதை உரிமையைக் காட்டி லாரி கொண்டுபோக முடியாது. 29-ஆம் பிரிவு, உங்கள் வீட்டை மாற்றிக் கட்டுவதாலேயே பாரத்தைக் கூட்ட முடியாது என்கிறது. ஒரு குடும்பத்துக்கு இருந்த வழியில், அந்த இடத்தில் பத்து ஃபிளாட் கட்டி இருபது கார் விட முடியாது. உரிமைக்கு உள்ள அளவை நேர்மையாக ஏற்றுக்கொள்பவர்தான் அதற்கு நேர்மையான விலை கேட்க முடியும்.

சந்தை இல்லாத சொத்து

இப்போது விலைக்கு வருவோம். பலர் செய்யும் கணக்கு இது. பாதை 10 அடி அகலம், 120 அடி நீளம், ஆக 1,200 சதுர அடி, அரை கிரவுண்டு. கிரவுண்டு விலையில் பாதியைக் கொடு. இந்தக் கணக்கு தவறு. அந்த 1,200 சதுர அடி மண் உங்களுடையது அல்ல. அதன் மேல் போய் வரும் உரிமை மட்டுமே உங்களுடையது. பில்டர் தரப்பு இதையே மறுபக்கம் திருப்பி, "மண்ணு எங்களுது, உங்களுக்கு என்ன விலை?" என்று கேட்கும். அதுவும் தவறு.

பாதை உரிமைக்குச் சந்தை கிடையாது. வீட்டில் இருந்து பிரித்து அதை வேறொருவருக்கு விற்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. யாருடைய நிலத்தின் மேல் அது இருக்கிறதோ, அவருக்கு மட்டும்தான் விட்டுக்கொடுக்க முடியும். விற்பவரும் ஒருவர், வாங்குபவரும் ஒருவர். அரசின் வழிகாட்டி மதிப்பில் இதற்கு ஒரு வரி இல்லை. பக்கத்துத் தெருவில் போன மாதம் என்ன விலைக்குப் போனது என்று ஒப்பிடவும் வழியில்லை. அதனால்தான் இழப்பு, ஆதாயம் என்ற இரண்டு அளவுகளும் தேவைப்படுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

முதலில் உங்கள் பக்கம். வண்டிப்பாதை இருக்கும்போது உங்கள் வீட்டின் சந்தை மதிப்பு 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதை போய், மூன்றடி நடைசந்து மட்டும் மிஞ்சினால்? கார் வீட்டுக்கு வராது. ஆம்புலன்ஸ் வராது. மேல்மாடி கட்ட மணல் லாரி வராது. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளர், வழி எங்கே என்று கேட்டு உதட்டைப் பிதுக்குவார். அப்போது அதே வீடு 50 லட்சத்துக்குத்தான் போகும் என்றால், உங்கள் இழப்பு 30 லட்சம். முன்-பின் மதிப்பு என்று மதிப்பீட்டாளர்கள் சொல்வது இதைத்தான். இது உங்கள் அடிமட்ட விலை. இதற்குக் கீழே ஒப்புக்கொண்டால், உங்கள் கைக்காசைப் போட்டு பில்டருக்கு உதவுகிறீர்கள்.

அடுத்து அவர்கள் பக்கம். பாதை நடுவில் இருக்கும்போது பில்டர் வாங்கிய இரண்டு ஏக்கர் நிலத்தின் மதிப்பு 10 கோடி. பாதை விலகி முழுப் பரப்பிலும் கட்டடத்தை அமைக்க முடிந்தால் 13 கோடி. உங்கள் கையெழுத்து திறந்துவிடும் மதிப்பு 3 கோடி. இங்கேதான் பலர் கண்ணை மூடிக்கொண்டு "மூன்று கோடியில் பாதி" என்று கேட்டுவிடுகிறார்கள். பொறுங்கள். பாதையை அப்படியே விட்டு, அதையே தங்கள் குடியிருப்பின் உள்சாலையாக வைத்து வரைபடத்தை மாற்றினால் பில்டருக்கு எவ்வளவு நஷ்டம்? மாற்று வரைபடத்தால் அவருக்கு 60 லட்சம்தான் குறைகிறது என்றால், அவர் உங்களுக்கு 60 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் தர மாட்டார். தருவதற்கு அவருக்குக் காரணமும் இல்லை. அது மேல்மட்டம். ஆக, உண்மையான பேச்சு 30 லட்சத்துக்கும் 60 லட்சத்துக்கும் நடுவில்தான் நடக்கும். மாற்று வரைபடத்துக்கு வழியே இல்லாத குறுகிய நிலம் என்றால் மேல்மட்டம் மூன்று கோடியை நோக்கி ஏறும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றைக் காட்டும். விலையைத் தீர்மானிப்பது பாதையின் சதுர அடி அல்ல, எதிர்த்தரப்புக்கு உள்ள மாற்று வழி. எனவே தொகை கேட்பதற்கு முன் அவர்களுடைய வரைபடத்தைக் கேளுங்கள். கட்டட வடிவமைப்பாளர் ஒருவரிடம் கொடுத்து, பாதையை வைத்துக்கொண்டே இதைக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். அதற்குச் செலவாகும் பணம் வீண் போகாது.

நீதிமன்றம் எப்படி விலை போடுகிறது

நம் வசதியுரிமைச் சட்டத்தின் வேர் ஆங்கிலச் சட்டத்தில் இருக்கிறது. இந்த விலைக் கேள்வியும் அங்கே நீண்ட காலமாக அலசப்பட்டு வருகிறது. மூன்று வழக்குகளைச் சொல்கிறேன்.

1961-ல் தீர்ப்பான வழக்கு ஒன்று. கேம்பிரிட்ஜ் நகராட்சி ஒரு நிலத்தைக் கையகப்படுத்தியது. அந்த நிலத்தை வளர்ச்சிக்குப் பயன்படுத்த வேண்டுமானால் நகராட்சிக்கே சொந்தமான இன்னொரு துண்டின் வழியாகத்தான் பாதை கிடைக்கும். நில வழக்குகளுக்கான தீர்ப்பாயம், வழி கிடைப்பதால் வரும் கூடுதல் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு அந்த வழித்துண்டுக்குரியது என்றது. ஸ்டோக்ஸ் வழக்கு என்று மதிப்பீட்டாளர்கள் சொல்வது இதுதான். நம் உதாரணத்தில் மூன்று கோடியில் ஒரு கோடி. ஆனால் அந்த மூன்றில் ஒன்று அந்த வழக்கின் உண்மைகளில் இருந்து பிறந்தது. வேறு வழி இருந்தால் பங்கு குறையும். அதை மந்திரம் போல உச்சரிப்பது உதவாது.

1974-ன் ராதம் பார்க் வழக்கு இன்னொரு கோணம். எஸ்டேட் ஒன்று ஒப்புதல் தந்த வரைபடப்படி மட்டுமே கட்டலாம் என்ற நிபந்தனையை மீறி 14 வீடுகள் கட்டப்பட்டன. உரிமை வைத்திருந்த எஸ்டேட்டின் மதிப்பு அதனால் ஒரு காசுகூடக் குறையவில்லை. இழப்பு இல்லை, எனவே இழப்பீடும் இல்லை என்றது கட்டியவர் தரப்பு. நீதிபதி அதை ஏற்கவில்லை. முன்கூட்டியே வந்து கேட்டிருந்தால் என்ன கொடுத்திருப்பார்கள் என்று பார்த்தார். எதிர்பார்த்த லாபம் 50,000 பவுண்டு, அதில் 5 சதவீதம், 2,500 பவுண்டு என்று தீர்மானித்தார். உரிமையை மீறியவர் இலவசமாகத் தப்ப முடியாது என்பது இதன் பாடம். அதே நேரத்தில், அங்கே மூன்றில் ஒன்று, இங்கே நூற்றில் ஐந்து. விகிதம் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

மூன்றாவது வழக்கு நமக்கெல்லாம் எச்சரிக்கை. ஒரு முட்டுச்சந்தில் பத்து வீடுகள். சந்தின் மண்ணில் ஆளுக்கொரு பங்கு. ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தை வாங்கி, அதில் இன்னொரு வீடு கட்டி, இந்தச் சந்து வழியாகவே போய்வரத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்தார். ஆனால் வீடு எழும்பும்வரை இடைக்காலத் தடை வாங்கவில்லை. 1994-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டிய வீட்டுக்கு வழியே இல்லாமல் செய்வது கொடுமை என்று தடையை மறுத்து, பணமாக இழப்பீடு கொடுத்த தீர்ப்பை உறுதி செய்தது. மொத்தம் 6,250 பவுண்டு, அதை மற்ற ஒன்பது வீடுகளுக்கும் பிரித்தால், வழக்குப் போட்டவருக்கு 694 பவுண்டு 44 பென்ஸ். வழக்குச் செலவில் அது எந்த மூலைக்கு? உரிமை அவர் பக்கம்தான் இருந்தது. நேரம் அவர் பக்கம் இல்லை.

நம் நாட்டிலும் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் உண்டு. 1963-ன் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, தடை உத்தரவுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ இழப்பீடு கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வழக்கு மனுவில் நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் தடைக்கு மட்டும் வழக்குப் போட்டு, அது தள்ளுபடியாகிவிட்டால், பிறகு இழப்பீட்டுக்கென்று தனியாக வழக்குப் போடவும் முடியாது. எத்தனையோ நல்ல வழக்குகள் இந்த ஒரு வரி விட்டுப்போனதால் வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றன. உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் நிற்கும் சக்திகள்

பெரிய பில்டருக்கு எதிரே ஒற்றை வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும் என்று தோன்றும். உங்கள் கையில் சில சக்திகள் உண்டு.

முதல் சக்தி, காலம். பில்டர் வட்டிக்கு வாங்கிய பணத்தில் வேலை செய்கிறார். அடித்தளம் போடுவதற்கு முன் நீங்கள் எழுப்பும் கேள்விக்கு ஒரு விலை. மூன்றாவது மாடி எழும்பிய பின் எழுப்பும் கேள்விக்கு வேறு விலை. முதல் அளவுக்கல் நட்ட அன்றே எழுத்து மூலம் உங்கள் உரிமையைத் தெரிவித்துவிடுங்கள்.

இரண்டாவது, 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். பதிவு செய்யும் ஒவ்வொரு திட்டத்துக்கும் நிலத்தின் மேல் யாருக்கு என்ன உரிமை, என்ன வில்லங்கம் என்பதை விவரித்து புரமோட்டர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். உங்கள் பாதை அந்த உறுதிமொழியில் இல்லை என்றால், பதிவுத் தபாலில் நீங்கள் அனுப்பும் ஒரு கடிதத்தை அவர்கள் அலட்சியப்படுத்த முடியாது. ஃபிளாட் வாங்கப்போகும் குடும்பங்களுக்கும் அது பாதுகாப்பு. அவர்களும் நாளை வீட்டு உரிமையாளர்கள்தானே.

மூன்றாவது, திட்ட அனுமதி உங்கள் உரிமையை அழிக்காது. சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் முத்திரை விழுந்துவிட்டது என்றால் கட்டட விதிகள் நிறைவேறின என்று அர்த்தம். அண்டை வீட்டுக்காரரின் வழி பறிபோனது என்று அர்த்தம் இல்லை.

அதே போல, செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. பாதையை அடைத்து மதில் எழுப்பிவிட்டார்கள் என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தடையைத் தானே அகற்றும் உரிமை வழியுரிமைக்காரருக்கு இல்லை என்கிறது 36-ஆம் பிரிவு. இடிக்கப் போனால் நியாயம் உங்களிடம் இருந்தும் குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்பீர்கள். புகைப்படம் எடுங்கள். நீதிமன்றம் போங்கள். வழக்கறிஞர் ஆணையரை அனுப்பச் சொல்லி மனுப் போடுங்கள். அவர் டேப்பைப் பிடித்து அளந்து, வண்டித் தடம் பதிந்திருப்பதையும், பாதையோரம் நிற்கும் வேப்பமரத்தின் வயதையும், உங்கள் வீட்டு மின்கம்பம் எந்தப் பக்கம் நடப்பட்டிருக்கிறது என்பதையும் அறிக்கையில் எழுதுவார். அனுபோகத்தால் வந்த உரிமைக்கு அந்த அறிக்கையைவிடச் சிறந்த சாட்சி கிடைப்பது அரிது.

அரசே நிலத்தை எடுக்கும்போது கணக்கு வேறு. 2013-ன் நில எடுப்புச் சட்டம், நிலத்தின் மேல் வசதியுரிமை உள்ளவரையும் அக்கறை உள்ளவராகக் கருதுகிறது. விசாரணைக்கு அறிவிப்பு வரும்போது நிலத்துக்காரர் மட்டுமல்ல, நீங்களும் போய் உங்கள் கோரிக்கையை எழுதிக்கொடுக்க வேண்டும். எடுத்த நிலம் எல்லா வில்லங்கமும் நீங்கி அரசிடம் சேரும். அன்று வாய் திறக்காதவரின் வழி அதோடு போய்விடும். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டமோ இன்னொரு படி போய், வசதியுரிமை போன்ற உரிமை எடுக்கப்படும்போது நிலத்துக்கான தொகையில் 10 சதவீதத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று 3ஜி பிரிவில் எழுதியே வைத்திருக்கிறது.

பணத்தைவிடப் பெரியது

இவ்வளவு நேரம் விலையைப் பற்றிப் பேசினேன். ஆனால் பல குடும்பங்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை, பணத்தை இரண்டாவதாக வையுங்கள் என்பதுதான். முப்பது லட்சம் ரூபாய் மகள் கல்யாணத்தோடு முடிந்துவிடும். வழி இல்லாத வீடு பேரன் காலம்வரை வழி இல்லாத வீடாகவே இருக்கும். முதலில் மாற்று வழியைக் கேளுங்கள். பழையதைவிடக் குறையாத அகலத்தில், கார் திரும்ப இடம் விட்டு, பதிவு செய்யப்பட்ட பத்திரத்தில், வரைபடத்தோடு, சர்வே எண்ணோடு கேளுங்கள். குழாய், சாக்கடை, கேபிள் எல்லாவற்றுக்கும் உரிமையை எழுத்தில் கேளுங்கள். நாளை அந்த இடம் கேட் போட்ட குடியிருப்பாக மாறும். வாசலில் காவலாளி நிற்பார். உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளியும் பால்காரரும் அவரிடம் அனுமதி கேட்டு நிற்கக்கூடாது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சாலையைப் பராமரிப்பது யார், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், கட்டுமானம் நடக்கும் காலத்தில் நீங்கள் எப்படிப் போவீர்கள் என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும். புதுப் பாதை போட்டு முடித்த பிறகே பழையது மூடப்படும் என்ற ஒரு நிபந்தனை எல்லாவற்றையும்விட முக்கியம்.

இவற்றையெல்லாம் பெற்ற பிறகு உங்கள் இழப்பு கொஞ்சம்தான் மிஞ்சும். அதற்கும் உங்கள் சம்மதத்துக்குமான தொகையைக் கேளுங்கள். அதுதான் நிறைவான பேரம்.

கையெழுத்தைப் பற்றி ஒன்று. "ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் குடுங்க போதும்" என்பார்கள். அந்தக் கடிதத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். உங்கள் வழியை நிரந்தரமாக மறிக்கும் ஒரு கட்டுமானத்துக்கு நீங்கள் வெளிப்படையாக அனுமதி கொடுத்து, அவர்களும் கட்டிவிட்டால், உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே 38-ஆம் பிரிவு கருதும். சும்மா பயன்படுத்தாமல் இருப்பதால் மட்டும் உரிமை உடனே போகாது. அதற்கு 20 ஆண்டுகள் வேண்டும். ஆனால் ஒரு கடிதம் இருபது ஆண்டுகளின் வேலையை ஒரே நாளில் செய்துவிடும். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. வருமான வரிக் கணக்கில் இது எப்படி வரும் என்று தணிக்கையாளரைக் கேட்டுவிட்டுப் பணத்தை வாங்குங்கள்.

கடைசியாக, எதிர்த்தரப்பைப் பற்றியும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நிலத்தை வாங்கியவரும் பணம் போட்டவர்தான். அந்தக் கட்டடத்தில் குடியேறப்போகிறவர்களும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான். கழுத்தைப் பிடித்து எடுக்கும் விலை நியாயமான விலை ஆகாது. அப்படிக் கேட்பவர்களுக்கு நீதிமன்றமும் கை கொடுப்பதில்லை. இழப்புக்கும் ஆதாயத்துக்கும் நடுவே, இரு பக்கமும் கணக்கைத் திறந்து வைத்துப் பேசிய தொகையே நிலைக்கும். பாதையில் நான்கு வீடுகள் இருந்தால் நால்வரும் சேர்ந்து ஒரே குரலில் பேசுங்கள். தனித்தனியாகப் பேசினால் முதல் மூவர் குறைந்த விலைக்குப் போய்விடுவார்கள். நான்காமவர் பேராசைக்காரர் என்று பெயர் வாங்குவார். நான்கு வீட்டுக்கும் அதில் நஷ்டம்.

இன்று வீட்டுக்குப் போனதும் மூலப் பத்திரத்தை எடுங்கள். தபசிலின் கடைசி வரிகளை வாய்விட்டுப் படியுங்கள். புல வரைபடத்தின் நகலுக்கும் வில்லங்கச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போடுங்கள். பாதையை நீளமும் அகலமும் அளந்து, தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். அனுபோகத்தை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். எதிர்வீட்டு நிலத்தில் அளவுக்கல் விழும் நாளில் இந்தக் காகிதங்கள் தயாராக இருந்தால், உங்கள் வீட்டு வாசலில் நடக்கும் பேச்சில் விலையை முதலில் சொல்பவர் நீங்களாக இருப்பீர்கள். காகிதம் இல்லாதவருக்கு விலையைச் சொல்வது எப்போதும் எதிர்த்தரப்புதான்.